கண்ணை மூடியிருந்த நேரத்தில் போன சவக்காலை

கண்ணை மூடியிருந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கதிரையை இழுத்தார்கள். யாரோ இருமினார்கள். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘ஆண்டவரே, எனக்கு நல்ல வார்த்தையாகத் தாரும்’ என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது நகரசபைத் தவிசாளர் ஒரு பிரேரணையை வாசித்துக்கொண்டிருந்தார். அது தெருநாய்களைப் பற்றியது.

“சவக்காலை விசயம் என்னாச்சுது?” என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அது முடிஞ்சுது பாஸ்டர். நிறைவேறிட்டுது. நீங்கள் நித்திரை எண்டு நினைச்சன்” என்றார் அவர்.

நகரசபைத் தேர்தலில் தேநீர்க் கேத்தல் சின்னத்தில் நின்று எப்படியோ வென்ற கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். உள்ளே போய் என்ன கிழித்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். தங்கச்சி, முதலில் கிழித்தது என் மானத்தைத்தான். எங்கள் ஆட்களைப் புதைக்கிற சவக்காலையைக் காப்பாற்றுவேன் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டேன். அதை லொறித் தரிப்பிடம் ஆக்குகிற பிரேரணை, நான் செபித்துக்கொண்டிருந்த ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஒரு வாக்கால் நிறைவேறிவிட்டது. இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குக் கூட்டம் முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

போகலாம் என்றார்கள்

இந்தத் தொடரை இடையில் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் திருகோணமலைக்காரன். பெயர் சைமன் அல்மேதா. இளமையில் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு பிணைக்கிற கயிறு பிடித்தவன். பிறகு ஒரு சின்னச் சபைக்குப் போதகர் ஆனேன்.

ஊரில் எங்களைக் காப்பிலி என்பார்கள். அந்தச் சொல்லை அன்பாகச் சொல்பவர்களும் உண்டு, துப்புவதுபோல் சொல்பவர்களும் உண்டு. எங்கள் முன்னோர் ஆபிரிக்காவில் பிடிக்கப்பட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். சுருட்டை முடியும் தடித்த உதடும் எங்களிடம் மிஞ்சியிருக்கின்றன. பாஷை மிஞ்சவில்லை. நான் கனவு காண்பதுகூடத் தமிழில்தான். ஆனாலும் மேற்கிந்தியத் தீவுகள் அணி கிரிக்கெட்டில் தோற்றால், மீன் சந்தையில் என்னிடம்தான் துக்கம் விசாரிப்பார்கள். “என்ன பாஸ்டர், உங்கட ஆக்கள் கவிழ்த்துப் போட்டாங்களே!” ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போது நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு மீன் கூடக் கேட்பேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு பழைய கதைதான் இருக்கிறது. கோட்டை மதிலுக்குக் கல் சுமந்த ஒருவரின் கதை. ஒருநாள் வெள்ளைக்காரத் துரை வந்து, “இனி நீங்கள் அடிமைகள் இல்லை, போகலாம்” என்றாராம். எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. கல் சுமந்தவர் கடலைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். கடைசியில் தன்னோடு வேலை செய்து செத்துப்போன கூட்டாளிகளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டார். தெரிந்தவர்கள் இருந்த ஒரே இடம் அதுதான்.

அதுதான் எங்கள் சவக்காலை. உள்துறைமுகத்துக்கு இறங்குகிற வீதியோரம் இருக்கிறது. பழைய குழிகளில் பெயரும் இல்லை, சிலுவையும் இல்லை. தலைமாட்டில் கடலில் எடுத்த ஒரு முருகைக் கல், அவ்வளவுதான். ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து புல்லை மேய்ந்துவிட்டுப் போகும். வெளியாருக்கு அது வெறும் வளவு.

என் அக்கா பியற்றிஸுக்கு அப்படி இல்லை. அக்காவின் புருசன் அல்போன்சு அத்தான் அங்கேதான் கிடக்கிறார். அத்தான் வயலின் எடுத்தால் பைலாப் பாட்டுக்குப் பிணமும் எழுந்து ஆடும் என்பார்கள். அவரைப் புதைத்த அன்றே, பக்கத்தில் தனக்கென்று ஓர் இடத்தை அக்கா காலால் அளந்து நாலு கல் வைத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. இந்த உலகத்தில் அக்கா தனக்கென்று பிடித்துவைத்திருந்தது அந்த ஆறடிதான்.

கப்பலில் வந்த போதகர்

நான் ஏன் அரசியலுக்குப் போனேன் என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். அதற்கு ஒரு கப்பல்தான் காரணம்.

பல வருடங்களுக்கு முன் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தது. அதில் மாலுமிகளுக்குச் செபம் நடத்துகிற ஒரு போதகர் இருந்தார். நல்ல உயரம், என்னைவிடக் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். செபம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் எங்கேயிருந்து வந்தவர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “நீங்கள் வந்த இடத்தில் இருந்துதான். கப்பல்தான் வேறு” என்றேன். மனிதர் அழுதுவிட்டார்.

அக்காவின் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. கணவாய்க் கறியின் உறைப்பில் கண் கலங்கக் கலங்கத் தன் பாட்டனுக்குப் பாட்டனின் கதையைச் சொன்னார். அடிமையாகப் பிறந்தவராம் அந்தப் பாட்டன். விடுதலை வந்தபின் எழுத்துப் படித்துப் போதகராகி, பிறகு மாநிலச் சட்டசபைக்கும் தெரிவாகியிருக்கிறார். ஞாயிறு பிரசங்கம், திங்கள் சட்டசபை. கறுத்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று அங்கே எழுந்து பேசியவர். சில வருடங்கள்தான். பிறகு வெள்ளையர்கள் துப்பாக்கியோடு வந்து வாக்குப் பெட்டிகளுக்குப் பக்கத்திலும் இவர்களை அண்டவிடவில்லையாம்.

“அதுக்குப் பிறகு என்ன செய்தவர்?” என்று கேட்டார் அக்கா. நான் மொழிபெயர்த்தேன்.

பிரசங்கத்தை விடவில்லையாம். ஆனால் எந்த நேரத்திலும் கோவிலைக் கொளுத்த ஆட்கள் வரலாம் என்ற பயம் இருந்தது. அதனால் எல்லோரும் கண்ணை மூடிச் செபிக்கும்போது, ஒரு பெண் மட்டும் வாசலைப் பார்த்தபடி கண்ணைத் திறந்துகொண்டு இருப்பாளாம். போதகரின் சொந்த அக்காவாம் அவள்.

எங்கள் அக்கா அதைக் கேட்டதும் எழுந்து போய் அவருக்கு இன்னொரு அகப்பை கறி கொண்டுவந்து ஊற்றினார். கப்பல் போய்விட்டது. போதகன் எழுந்து பேசலாம் என்ற எண்ணம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. சவக்காலையை லொறிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்ற கதை ஊரில் அடிபட்டபோது, வட்டாரத்து ஆட்களைக் கூட்டிச் சுயேச்சையாக நின்றேன்.

எனக்கு ஏன் அந்த நிமிடம் தேவைப்பட்டது

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் இருக்கிறது. பேசுவதற்கு முன் போதகர் ஒரு நிமிடம் கண்ணை மூடி மௌனமாகச் செபிப்பார். அவர் ஆமென் என்று சொல்லும்வரை ஒருவரும் அசைவதில்லை. கைக்குழந்தையின் வாயில்கூடத் தாய் எதையாவது வைத்து அடக்கிவிடுவாள். இருபது வருடம் இப்படியே வாழ்ந்த மனிதனுக்கு, தான் கண்ணை மூடினால் உலகம் காத்திருக்கும் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது.

அன்றைக்குக் கூட்டம் காலையில் தொடங்கியது. மத்தியானம் முஸ்லிம் உறுப்பினர்கள் லுஹர் தொழுகைக்குப் போக, வழக்கம்போல் கூட்டத்தை நிறுத்தினார்கள். அந்த இடைவேளையில்தான் சாப்பாடும். கடைசியில் தம்பலகாமத்து எருமைத் தயிர் வந்தது. நான் இரண்டு தரம் போட்டுக்கொண்டேன். அதை மறைத்து எழுதினால் கர்த்தர் மன்னிக்கமாட்டார்.

திரும்ப எல்லோரும் வந்து இருந்ததும் தவிசாளர் சவக்காலைப் பிரேரணையை எடுத்தார். சலீம் நானா அதை முன்மொழிந்தார். அவர் லொறி வைத்து ஓட்டுகிறவர். வீதியோரம் லொறியை விட்டால் பொலிசார் பிடிக்கிறார்கள், ஓட்டுநர்கள் பாவம், துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் இடம் வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. “கருத்துச் சொல்ல ஆரும் இருக்கிறீங்களா?” என்று தவிசாளர் கேட்டார்.

நான் இருந்தேன். சொல்லத்தான் வந்தேன். எழும்புவதற்கு முன், இருபது வருடப் பழக்கத்தில், கண்ணை மூடினேன்.

ஒருவரும் எழும்பாததைக் கண்ட தவிசாளர் வாக்கெடுப்புக்கு விட்டார். ஆதரவாக ஏழு கை, எதிராக ஆறு கை. என் கை இரண்டும் மடியில் கோத்தபடி கிடந்தன. எனக்காகக் காத்திருக்க அது என்ன என்னுடைய சபையா?

அக்கா கதைக்காத மாதம்

அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். முடிவு என்ன என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“எத்தினை பேர் எதிர்த்தவை?”

“ஆறு பேர்.”

“உன்னையும் சேர்த்தோ?”

“இல்லை.”

“அப்ப நீ எங்க போனனீ?”

“அங்கதான் அக்கா இருந்தனான். செபிச்சுக்கொண்டிருந்தனான்.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “செபிக்கிறதுக்கு உனக்குக் கோயில் இருக்குத்தானே. உன்னை அங்க அனுப்பினது கையைத் தூக்க” என்றார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்வாங்கில் அக்காவின் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆட்கள் நெருக்கிக்கொண்டு இருந்தாலும் அந்த இடத்தில் ஒருவரும் போய் இருக்கவில்லை.

இரண்டாவது வாரம் நில அளவைக்காரர்கள் வந்து கட்டை அடித்தார்கள். சிவப்பு மை பூசிய மரக்கட்டைகள். ஒரு கட்டை அல்போன்சு அத்தானின் கால்மாட்டில் இறங்கியது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம், அழவும் இல்லையாம். மறுநாள் என் மனைவியிடம் வந்து ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கிறார். “எலும்பைத் தோண்டி எடுத்து வேற இடத்தில வைக்கிறதெண்டா, வயலின் பெட்டி அளவு பெட்டி காணுமோ?”

மனைவி இதைச் சொன்னபோது நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பதவி விலகல் கடிதம் எழுதினேன். நாலு வரிதான். அதை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன். அடுத்த கூட்டத்தில் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்விடுவது என்று முடிவு. உண்மையைச் சொன்னால், அந்த மாதம் முழுக்க என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அனல் வீசுகிற கச்சான் காற்று வேறு. நித்திரையே இல்லை.

சலீம் நானாவின் திருத்தம்

அடுத்த கூட்டத்தில், வழக்கப்படி, முந்திய கூட்டத்தின் அறிக்கையைச் செயலாளர் வாசித்தார். “ஆதரவு ஏழு. எதிர்ப்பு ஆறு. ஒருவர் வாக்களிக்கவில்லை.” ஒருவர். எனக்கு அந்தச் சொல் சுட்டது. வேதாகமத்தைத் திறந்து கடிதத்தைக் கையில் எடுத்தேன்.

“அறிக்கையில திருத்தம் ஏதும் இருக்கா?” என்று தவிசாளர் கேட்டார். அவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். கேட்கும்போதே கண்ணாடிக்கு மேலால் வகுப்பைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

சலீம் நானா எழும்பினார். வந்தது வினை, இன்னும் என்ன வைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

“ஒரு திருத்தம் இரிக்கி. ‘ஒருவர் வாக்களிக்கவில்லை’ எண்டு எழுதியிரிக்கீங்க. அது பிழை. பாஸ்டர் அந்த நேரம் செபத்தில இரிந்தாரு. நான் நேர எதிர்க் கதிரையில இரிந்து கண்ணால கண்டன். நாங்க தொழப் போனா நீங்க கூட்டத்த நிப்பாட்டி வெச்சிட்டுப் பாத்துக்கொண்டு இரிக்கீங்க. அவர் செபிக்கக்குள்ள மட்டும் கைய எண்ணினா அது என்ன ஞாயம்?”

மண்டபம் கொஞ்சம் சலசலத்தது. “அப்ப இதைப் போன மாசமே சொல்லியிருக்கலாமே நானா?” என்று யாரோ கேட்டார்கள்.

“போன மாசம் எனக்கு லொறி விட இடம் வேணும். இந்த மாசமும் வேணும்தான், இல்லையெண்டு சொல்லல்ல” என்றார் சலீம் நானா. “ஆனா ஒரு மாசமா தொழுகைக்கு நிண்டா இந்த மனிசன்ட முகம்தான் முன்னுக்கு வந்து நிக்கிது. என்னால ஏலாது. வாக்க திருப்பி எடுங்க.”

தவிசாளர் செயலாளரோடு குசுகுசுத்தார். ஒரு தடித்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பிறகு தவிசாளர் சொன்னார்: “சபை விரும்பினால் திருப்பி எடுக்கலாம். ஆட்சேபனை இருக்கா?” ஒருவரும் வாய் திறக்கவில்லை. “சரி. இந்த முறை பெயர் கூப்பிட்டு எடுப்பம். எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு இருங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். சலீம் நானாவின் பெயர் வந்தது. “ஆதரவு” என்றார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதவோரக் கதிரை என்பதால் என் பெயர் கடைசி. அதற்குள் ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஆறு. போன மாதத்தின் அதே கணக்கு.

“திரு. சைமன் அல்மேதா.”

எங்கள் ஆட்களில் ஒருவரின் பெயரை அந்த மண்டபத்தில் அதற்கு முன் எவரும் வாக்குக்காகக் கூப்பிட்டதில்லை. நான் எழும்பி நின்றேன். ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரசங்கம் எங்கே போனதோ தெரியாது. “எதிர்ப்பு” என்று மட்டும் சொன்னேன். குரல் கூரையில் போய் இடித்தது.

ஏழுக்கு ஏழு. இனித் தவிசாளரின் வாக்குத்தான் முடிவு. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்துவிட்டு மற்றப் பக்கத்தையும் துடைத்தார். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு கண்ணாடி துடைக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

“லொறிக்கு வேற இடம் தேடலாம்” என்றார் கடைசியாக. “செத்தவைக்கு நான் எங்க போய்த் தேடுறது? எதிர்ப்பு.”

அப்பாடா என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எவ்வளவோ தரம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் முழு அர்த்தம் தெரிந்தது. கதிரையில் பொத்தென்று விழுந்தேன். கையில் இருந்த கடிதம் வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

இடைவேளையில் சலீம் நானாவைப் பின்னாலேயே துரத்திப் போனேன். தொழுகைக்குக் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வாய் எடுத்தேன்.

“எனக்கு ஒண்டும் சொல்லாதீங்க பாஸ்டர்” என்றார். “உங்களுக்காகவும் செய்யல்ல. நாளைக்கு நான் தொழுதுகொண்டு இரிக்கக்குள்ள உங்கட ஆக்கள் கைய தூக்கிட்டா? அதுக்குத்தான். இனி என்ட லொறியக் கொண்டுவந்து உங்கட வீட்டு முத்தத்தில விடுவன், பாத்துக்கொள்ளுங்க.”

“தாராளமா விடுங்கோ நானா” என்றேன். சொன்னபடியே நாலு நாள் விட்டார். மனைவிக்குத் துணி காயப்போட இடமில்லாமல் போய்விட்டது. நான் ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை.

படலை

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சவக்காலைக்கு நடந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. இரண்டு மான்கள் வாசற் படலைக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. அக்கா அத்தானின் தலைமாட்டில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

“அக்கா, தப்பிட்டுது” என்றேன்.

கை நின்றது.

“திருப்பி வாக்கு எடுத்தவை. பெயர் கூப்பிட்டு எடுத்தவை. நானும் சொன்னனான்.”

“என்ன சொன்னனீ?”

“எதிர்ப்பு எண்டு.”

“கண்ணைத் திறந்துகொண்டோ?”

“ஓம் அக்கா. திறந்துகொண்டுதான்.”

அக்கா மண் ஒட்டிய கையால் முகத்தைத் துடைத்தார். கன்னமெல்லாம் சேறாகிவிட்டது. கால்மாட்டில் இருந்த சிவப்புக் கட்டையைப் பிடுங்க நான் குனிந்தேன். “விடு. அது என்ர வேலை” என்று சொல்லி, அக்காவே இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, வேலிக்கு அப்பால் எறிந்தார். மான்கள் வெருண்டு ஓடின. பிறகு தான் வைத்த நாலு கல்லும் இடம் பெயராமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்தார்.

“சரி, செபி” என்றார்.

ஒரு மாதமாக நான் ஒழுங்காகச் செபிக்கவில்லை. கண்ணை மூடினாலே தெருநாய்ப் பிரேரணைதான் கேட்கும். பிரசங்க மேடையில்கூட அரைக்கண்ணில்தான் நின்றேன். அன்றைக்கும் மூடிவிட்டு உடனே திறந்தேன். அக்கா என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, வீதியைப் பார்த்தபடி நேராக நின்றார்.

“என்னக்கா, நீங்கள் செபிக்கேல்லையா?”

அக்கா திரும்பவில்லை.

“நான் படலையைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்” என்றார். “நீ பயப்பிடாமல் கண்ணை மூடு.”

மூடினேன். ஆமென் சொல்ல எனக்கு வெகுநேரம் எடுத்தது. அதுவரை அக்கா அசையவில்லை.